நடு ஓட்டை

அவர் யாருடைய முகத்தையும் முதலில் பார்த்து நான் கண்டதில்லை. பார்வை நேராக இடுப்புக்குத்தான் போகும். பெண்கள் தப்பித்தார்கள். ஆண்பிள்ளை எவனாவது பெல்ட் கட்டி எதிரே வந்துவிட்டால் போதும், "தம்பி, தீவாளிக்கு முன்னாடி ரெண்டாவது ஓட்டையில இருந்தீய, இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவன் திருதிருவென்று விழிப்பான். பிறகு குனிந்து, தன் வயிற்றை அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பவன் மாதிரி பார்ப்பான். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

தாராவியில் எங்கள் சந்துக்குள் பெல்ட் தைக்கும் கார்கானா வைத்திருந்தார். மேலே மச்சில் நாலு பேர் தோல் வெட்டித் தைப்பார்கள், கீழே அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள், எனக்கு அவள் மதினி. சந்து முழுக்க அவருக்குப் பெல்ட்டு அண்ணாச்சி என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்று படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். நான் அதே சந்துக்காரி. மெயின் ரோட்டில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நாங்கள் இரண்டு பேருமே மனிதர்களைக் கொஞ்சம் கோணலான இடத்திலிருந்து பார்க்கிறவர்கள் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

பெல்ட்டைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது இது. ஒரு பெல்ட்டுக்கு ஐந்து ஓட்டை, நுனியிலிருந்து எண்ண வேண்டும். முப்பத்திரண்டு சைஸ் என்றால் பக்கிளிலிருந்து நடு ஓட்டை வரைக்கும் முப்பத்திரண்டு அங்குலம். மற்ற நாலும் கணக்கில் கிடையாது.

"மனுசன் நடு ஓட்டையில நிக்கணும்னுதான் நாங்க பெல்ட்டு செய்யுதோம்," என்பார். "முன்ன ரெண்டு, பின்ன ரெண்டு எதுக்குன்னா, நமக்குத் தெரியாதது நடக்கும்லா, அதுக்கு."

இன்னொன்றும் சொன்னார். ஒரு ஓட்டையை விட்டு அடுத்ததுக்குப் போனாலும், பக்கிள் அழுத்திய வரி பழைய இடத்தில் அப்படியே கிடக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் எல்லோருக்கும் குறி சொன்னார். மந்திரமெல்லாம் ஒன்றுமில்லை.

கேள்வி கேட்காமல் இருக்க அவரால் முடியாது. லேபுக்கு வந்தால் என் மேசையில் இருக்கும் குழாய்களைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "இதுக்கு ஏன் ஊதா மூடி, இதுக்கு ஏன் சாம்பல் மூடி?" என்று ஒரு நாள் கேட்டார். சாம்பல் மூடிக் குழாயில் ஒரு மருந்து இருக்கும், இல்லாவிட்டால் வெளியே எடுத்த பிறகும் ரத்தம் தன்னிடமுள்ள சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், அளவு தப்பாகக் காட்டும் என்றேன்.

"வெளிய வந்த பெறவும் திங்குமா?"

"திங்கும் அண்ணாச்சி."

அதை இரண்டு நாள் சந்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் மறுபடி வந்து, "அப்ப செத்த பெறவும் கொஞ்ச நேரம் பசிக்குமோ?" என்று கேட்டார். வேலையிருக்கிறது என்று விரட்டிவிட்டேன்.

அவர் என்னிடம் முதன்முதலாக ரத்தம் கொடுக்க வந்ததே ஒரு விசித்திரமான காரணத்துக்காக. அப்போது ஆள் பாதியாகியிருந்தார். நடு ஓட்டையிலிருந்து கடைசி ஓட்டைக்குப் போய், அதையும் தாண்டித் தானே பஞ்ச் வைத்து மூன்று ஓட்டை புதிதாகப் போட்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், பேன்ட் இடுப்பில் கொசுவம் வைத்த மாதிரி சுருங்கிக் கிடந்தது.

"தங்கச்சி, எனக்கு சுகர் இருக்குன்னு ஒரு காயிதம் குடுப்பியா?"

"இருந்தா குடுக்கேன். நாளைக்கு வெறும் வயித்துல வாங்க."

"இல்லன்னாலும் வேணுமே."

மறுநாள் வெறும் வயிற்றில் வந்தார். தொண்ணூற்றிரண்டு. கல் மாதிரி ரத்தம், ஒரு குறையும் இல்லை. அதற்குப் போய் மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டார். எனக்குக் கோபம் வந்தது. "எல்லாரும் இல்லன்னு வந்தா சாமி கும்பிடுதாவ. உங்களுக்கு என்னத்துக்கு சுகர்?" என்று கேட்டேன். கதவைப் பார்த்தார், பெஞ்சில் யாரும் இல்லை. எச்.ஐ.வி. என்று மூன்று எழுத்தையும் தனித்தனியாக, மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தினம் காலை ஒன்பது மணிக்கு ஒன்று, ஆயுள் முழுக்க. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சந்து கேட்கும், கார்கானாவில் கேட்பார்கள். அதனால் சுகர் என்று சொல்லிவைத்திருந்தார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கெட்டிக்காரர்தான். எங்கள் சந்தில் சுகர் என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. அவரவர் சுகர் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு ஆள் வசதியாக ஒளிந்துகொள்ளலாம்.

பொய்க் காகிதம் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். "நியாயந்தான்," என்று எழுந்தார். போகும்போது, "இதையெல்லாம் எங்கிட்ட ஏன் சொன்னீய?" என்று கேட்டேன்.

"ஏன்னு கேட்டியே. கேட்டா சொல்லணும்லா," என்றார்.

உலகத்தில் உள்ளதையெல்லாம் கேட்கிற அந்த மனிதரிடம், அது எப்படி வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. மதினிக்கு இல்லை என்று சோதித்துச் சொல்லிவிட்டார்கள், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன், அவர் பெல்ட்டில் பார்த்தார். பஞ்ச் வைத்த மூன்று ஓட்டையும் இரண்டே மாதத்தில் காலியாயின. ஆறாவது மாதம் நடு ஓட்டைக்கு வந்து சேர்ந்தார். அன்று சந்தில் இருந்த எல்லோருக்கும் அவர் செலவில் கட்டிங் டீ. என்ன விசேஷம் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் மதினிக்கும்தான் தெரியும். மதினி டீயைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பிறகு அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. எட்டாவது மாதம் இரண்டாவது ஓட்டை, பத்தாவது மாதம் முதல் ஓட்டை. வருடம் திரும்பும்போது ஓட்டையே மிச்சமில்லை. புது பெல்ட் போட்டுக்கொள்ள அவருக்கா பஞ்சம், மச்சில் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. ஆனால் பழையதை விடமாட்டேன் என்று, நுனியில் இரண்டு அங்குலத் தோலை வைத்துத் தைத்து, அதில் ஓட்டை போட்டுக்கொண்டார். "இதுல எல்லாம் எழுதியிருக்கு தங்கச்சி. தூரப் போட்டா எப்படி?" என்றார்.

சந்துக்கு ஒரே சந்தோஷம். "அண்ணாச்சி நல்லா தெளிஞ்சிட்டாவளே, கன்னத்துல சதை போட்டிருக்கே," என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சொன்னார்கள். எங்கள் ஆட்களுக்குச் சதை போடுவது என்றால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொள்வார். லேபுக்கு வந்து என்னிடம் மட்டும் கேட்பார்.

"எந்த ஓட்டை வரைக்கும் குணம்? எந்த ஓட்டையில இருந்து கோளாறு?"

ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடமும் இதையே கேட்டிருக்கிறார், இந்தியில், பெல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்து. சின்ன வயது மராத்திப் பெண் அவள். பொறுமையாக விரலை வைத்துச் சொன்னாளாம்: இது வரைக்கும் நோயில் நீங்கள் இழந்தது திரும்பி வந்தது. இதற்கு மேல் மாத்திரையும் காரணமாக இருக்கலாம், புது மாத்திரையில் நிறையப் பேருக்கு எடை ஏறுகிறது. எல்லோருக்கும் ஏன் ஏறவில்லை என்று முழுக்கத் தெரியவில்லை. டாக்டருக்கே தெரியாத ஒன்று தன் வயிற்றில் இருக்கிறது என்றதும் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை.

அங்கே பெஞ்சில் ஒரு பெரியவரைச் சந்தித்ததையும் சொன்னார். பதினைந்து வருடத்துக்கும் மேலாக மாத்திரை சாப்பிடுகிறவர். கன்னம் இரண்டும் குழி, கையில் நரம்பு கயிறாகப் புடைத்திருக்கும், ஆனால் வயிறு மட்டும் தள்ளி, பிடரியில் ஒரு திரட்சி. இவர் சும்மா இருப்பாரா, கேட்டுவிட்டார்.

"எங்க காலத்து மாத்திரை கன்னத்துல இருந்து எடுத்துப் பிடரியில வச்சிது," என்றாராம் அவர். "உங்க மாத்திரை வஞ்சகமில்லாம எல்லா இடத்துலயும் வைக்கி. குடுத்து வச்சவன் நீ."

இதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்.

சிரிப்பு அடங்கியது அடுத்த மாதம். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று என்னிடம் சோதிக்க வந்தார். வெறும் வயிற்றில் நூற்று நாற்பத்தெட்டு. மூன்று மாதச் சராசரியும் ஏறியிருந்தது. காகிதத்தைக் கையில் வாங்கியவர், "இப்ப குடுத்துட்டியே," என்றார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வருடம் முழுக்கச் சந்துக்குச் சொன்ன பொய், வந்து பக்கத்திலேயே உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணாச்சி என்று வேறு சொல்லிவைத்தேன், அவர் அப்படி நினைக்கிறவர் இல்லை என்று தெரிந்தும்.

அவர் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. "மூணு பேரு மேல சந்தேகம்," என்றார். "ஒண்ணு, மாத்திரை. ரெண்டு, எங்க அப்பாவுக்கும் சுகர் இருந்துச்சு, அந்த ரத்தம். மூணு, உன் மதினி." மாத்திரைக்குச் சத்து வேண்டும் என்று மதினி காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் பால் நிறையச் சீனி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் என்று ஊட்டிக்கொண்டிருந்தாள். "மூணையும் ஒண்ணா வச்சிக்கிட்டு எது செஞ்சுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஒண்ணு ஒண்ணா நிறுத்திப் பாக்கணும். அப்பாவை நிறுத்த முடியாது. மாத்திரையை ஒரு மாசம் நிறுத்திப் பாத்தா தெரிஞ்சிரும்லா."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்துவிட்டால் அவருக்கு உயிர்கூட இரண்டாம் பட்சம்தான். "அப்படி ஏதாவது செஞ்சீயன்னா இந்த லேப் படி ஏறாதீய," என்று சத்தம் போட்டேன். ஆஸ்பத்திரியில் மாத்திரை பற்றி விளக்கிச் சொல்லும் ஆலோசகரிடம் கேட்டுவிட்டு எதுவும் செய்யுங்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

கேட்டுவிட்டு வந்தார். "கிருமி தூங்குதாம். மாத்திரையை நிறுத்தினா எந்திரிக்குமாம். எந்திரிச்சிச் சும்மா இருக்காதாம், இந்த மாத்திரையை எப்படி ஏமாத்தன்னு படிச்சிக்கிடுமாம்." அப்புறம் சொன்னார்: "அதுக்கும் என்னைப் போல ஆராய்ச்சிப் புத்தி."

மாத்திரையில் கை வைக்காமல் மதினியின் சீனிப் பாலை நிறுத்தினார். காலையில் மாட்டுங்கா வரைக்கும் நடை. சுகருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அதையும் டாக்டரம்மா அளவைக் குறைத்துத்தான் தந்தாள். பழைய மாத்திரை உள்ளே இருந்தால் இந்தப் புதியது ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்துவிடுமாம். "ரெண்டும் உள்ள போயி என்னைக் கேக்காம பேசிக்கிடுது," என்று அவருக்குக் குறை. இவ்வளவுக்கும் பிறகு எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. என்றைக்காவது சொல்லாமல் நிறுத்திப் பார்த்துவிடுவார் என்று.

அந்தச் சமயத்தில் மதினி ஊரில் யாருக்கோ முடியவில்லை என்று ஒரு மாதம் திருநெல்வேலிக்குப் போனாள். வீட்டுச் சாவி எதிர்வீட்டு இசக்கியம்மா அக்காவிடம் இருந்தது. அண்ணாச்சி நடக்கப் போயிருக்கும் நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும், அக்காதான் உள்ளே போய் டிரம்மை நிரப்பி வைப்பாள். அவளுக்கு ஒரே மகள், பிரியா. சயானில் ஒரு துணிக்கடையில் வேலை. குச்சி மாதிரி இருப்பாள். செம்பூரிலிருந்து வந்து பார்த்தவர்கள் பெண் ரொம்ப ஒல்லி என்று திரும்பிப் போனதிலிருந்து அக்காவுக்கு அதே கவலை. அடுத்த ஞாயிறு பாண்டுப்பிலிருந்து ஒரு வீட்டார் வருவதாக இருந்தது.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு லேபுக்கு வந்தாள். பிரியாவுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமில்லை. ரத்தம் கம்மியா என்று பார்க்க வேண்டும். நான் கையைக் கட்டி ஊசியை எடுத்துக்கொண்டே, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"நம்ம பெல்ட்டு அண்ணாச்சி மாத்திரைதான், ஒம்பது நாளா," என்றாள் அக்கா.

ஊசியைக் கீழே வைத்தேன்.

"மம்மி, மைனே போலா தா, அது சுகர் கோலி," என்றாள் பிரியா, நான்தான் அப்போதே சொன்னேனே என்கிற குரலில். மாத்திரை டப்பாவின் லேபிளை அண்ணாச்சி சுரண்டி எடுத்துவிட்டு மார்க்கரில் தமிழில் 'சுகர்' என்று எழுதி வைத்திருந்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரியா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துச் சொல்லியிருக்கிறாள்.

"நீ சும்மா இரிட்டி," என்று அவளை அதட்டிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். "சுகர் வந்தவ எவளாவது சதை போட்டுப் பாத்திருக்கியா? எங்க வீட்டுல மூணு பேருக்கு சுகரு. மூணு பேரும் வத்தலாத்தான் போனாவ. அந்த மனுசன் ஒரு வருசத்துல எப்படி ஆயிட்டாரு. அது சுகர் மாத்திரையே கெடையாது. சத்து மாத்திரை. சுகர்னு எழுதி வச்சி ஒளிச்சித் திங்காரு."

எவ்வளவு சரியாக யோசித்திருக்கிறாள் என்று ஒரு பக்கம் எனக்கு ஆச்சரியம். சந்து முழுக்க நம்பிய பொய்யை அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள், அவருடைய வயிற்றை வைத்து. ஆனால் கடைசிப் படியில் வழுக்கிவிட்டாள். உண்மையை நான் சொல்ல முடியாது. இனி கொடுக்காதே, இது என்னவென்று தெரியாமல் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். உனக்கும் அவருடைய கஞ்சத்தனம் ஒட்டிக்கொண்டதா என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் சந்துக்குள் திரும்புவதற்குள் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். வீட்டுக்குப் போய், அடுத்த மாதத்துக்கென்று வைத்திருந்த டப்பாவை எண்ணிப் பார்த்திருக்கிறார். முப்பதில் இருபத்தொன்று இருந்தது. லேபுக்கு வந்தவர் முதலில் கேட்டது, "பிரியாக்கு ஒண்ணும் ஆகாதே?" என்பதுதான். அங்கேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்கும் பேசினார். உடனே நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்பது மாத்திரையில் பெரிதாக ஒன்றும் வராது, இருந்தாலும் ஈரல், சிறுநீரகம் இரண்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு டாக்டரிடம் காட்டட்டும் என்றார்கள். காணாமல் போனதற்கு வேறு தருவதாகவும் சொன்னார்கள்.

"சத்து மாத்திரை இல்லன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, போதும்," என்றேன்.

"நம்புவாளா?"

நம்பமாட்டாள். எனக்கும் தெரியும்.

உண்மையைச் சொல்லி, அந்த மூன்று எழுத்து சந்துக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மச்சில் தைக்கும் நாலு பேரும் மறுநாள் வரமாட்டார்கள். ஊரிலிருந்து திரும்பும் மதினி குழாயடியில் வரிசையில் நிற்க முடியாது. அவளுக்கு நோய் இல்லை என்று அங்கே யார் கேட்கப் போகிறார்கள். அந்த வருடம் முழுக்க அவர் கட்டிக் காத்தது அதைத்தான். எழுந்து நின்று, கூட வா என்று என்னைக் கூப்பிட்டார். நடு வழியில் திரும்பிவிட மாட்டாரா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேதான் நான் போனேன்.

இசக்கியம்மா அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பிரியா கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். அண்ணாச்சி கதவைச் சாத்திவிட்டு, கீழே உட்கார்ந்து, எனக்குச் சொன்ன அதே மாதிரி மூன்று எழுத்தையும் தனித்தனியாகச் சொன்னார்.

மச்சில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் எதிரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"எம் பிள்ளைக்கு ஒட்டிருக்குமா?"

"மாத்திரையில இருந்து ஒட்டாது இசக்கி. அது சீக்கைக் கட்டிப் போடுத மாத்திரை. தங்கச்சியைக் கேளு."

ஒட்டாது என்று நானும் சொன்னேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், வெங்காயத்துக்கா வேறெதற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

"இதை என்னத்துக்கு எங்கிட்டச் சொன்னீய? சத்து மாத்திரை இல்லட்டின்னு ஒரு சத்தம் போட்டா போதாதா?"

"நிறுத்தியிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "மாட்டேன். கூட ரெண்டு குடுத்திருப்பேன்," என்றாள்.

மறுநாள் நானே பிரியாவின் ரத்தத்தை எடுத்தேன். ஒன்றும் கெடவில்லை. நாலைந்து நாளில் தலைவலியும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்த பாண்டுப்காரர்களுக்குப் பெண்ணை அப்படியே ஒல்லியாகவே பிடித்துவிட்டது. மாப்பிள்ளையும் ஒரு குச்சிதான்.

இசக்கியம்மா அக்கா வாயைத் திறக்கவில்லை. நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன், குழாயடியில் ஒரு பேச்சு இல்லை. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதோடு, எப்போதும் ஸ்டீல் டம்ளரில் டீ கொடுப்பவள், அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்க ஆரம்பித்தாள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் அந்தக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வாயையும் மூடிக்கிட்டா, டம்ளரையும் மூடிக்கிட்டா. ஒருத்திக்குள்ளயே ரெண்டும் எப்படி இருக்கு பாரு." கோபமே இல்லை அவருக்கு. எனக்கு அதுதான் இன்னும் கோபமாக வந்தது.

அந்த நாட்களில் அவர் மாத்திரையை நிறுத்திப் பார்க்கிறாரோ என்கிற பயம் எனக்குப் போய்விட்டது. ஒரு மாத்திரை கூடக் குறையக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்கு நடையாக நடந்து அந்த ஒன்பதையும் வாங்கி வந்து, மறுபடி முப்பதாக எண்ணி வைத்ததை நான் பார்த்தேன். நடையும் விடவில்லை. இழுத்துத் தைத்த தோலிலிருந்து மெதுவாக முதல் ஓட்டைக்கு வந்தார், பிறகு இரண்டாவதுக்கு. அடுத்த ஓட்டைக்கு வருவேனா என்று யாரையும் கேட்கவில்லை.

பிரியாவின் கல்யாணம் பாண்டுப்பில் ஒரு ஹாலில் நடந்தது. மாப்பிள்ளைக்கு அண்ணாச்சி தன் கையால் ஒரு பெல்ட் செய்து கொடுத்திருந்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்து, நடு ஓட்டையில் நிற்கிறான் என்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பந்திக்கு வந்தார். நான், அவர், மதினி மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். இந்த டம்ளர் விஷயத்தில் அக்கா எந்தப் பக்கம் என்று அன்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தேன். ஆனால் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பேப்பர் கப்புதான், என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

சாம்பார், ரசம் எல்லாம் முடிந்து, பால் பாயச வாளி எங்கள் வரிசைக்குள் நுழைந்தது. முந்திரி மேலே மிதந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், மேசைக்குக் கீழே கையை விட்டு பெல்ட்டில் ஒரு ஓட்டையைத் தளர்த்திக்கொண்டார். வாளிக்காரப் பையன் கரண்டியை அவர் கப்புக்கு மேலே கொண்டுவந்துவிட்டான்.

"ஏலே, அண்ணாச்சிக்கு ஊத்தாத."

ஹாலின் அந்தக் கோடியிலிருந்து இசக்கியம்மா அக்காவின் குரல். பட்டுச் சேலையும் வியர்வையுமாக, பந்திகளுக்கு நடுவே வேகமாக வந்தாள். எங்கள் சந்து முழுக்க உட்கார்ந்திருந்தது, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் தலையும் திரும்பியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவியளுக்கு சுகரு," என்றாள் அக்கா, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு வருசமா சுகர் மாத்திரை திங்காவ. எதிர்வீட்டுக்காரி எனக்குத் தெரியாதா? சீனி போடாததுன்னு அவியளுக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன், இரு."

தலைகள் எல்லாம் இலைக்குத் திரும்பின. பக்கத்து வரிசையில் ஒருவர் தன் சுகர் கதையை ஆரம்பித்தார்.

அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் பாயசம் கொண்டுவந்து அவர் இலையோரம் வைத்துவிட்டுப் போனாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணாச்சி பெல்ட்டைப் பழைய ஓட்டைக்கே இழுத்து மாட்டினார். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். கண் நிறைந்திருந்தது, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை அவருக்கு.

"தங்கச்சி, இவ இப்ப சொன்னது பொய்யா, நெசமா?"

மதினிதான், "சாப்புடுங்க, ஆறுது," என்றாள்.